மூன்று விநாடித் தவளை

அந்தத் தவளை திங்கட்கிழமை காலை ஒன்பது பத்துக்குத் தொட்டி நிறுத்தத்தில் ரயில் ஏறியது. பெட்டிகளில் இடம் இருந்தும் உள்ளே போகாமல், காற்று வாங்க வசதியாகக் கடைசித் தட்டுவண்டியில் போய்க் குந்தியது. எலுமிச்சை நிறுத்தத்தில் இறங்கி ஒரு பூச்சியைச் சாப்பிட்டது. வண்டி புறப்படுவதற்குள் ஓடிவந்து அதே இடத்தைப் பிடித்தது. பாலம் தாண்டித் தொட்டி வந்ததும் இறங்கி, எஞ்சினைப் பார்த்து ஒரு தலையாட்டு ஆட்டிவிட்டுத் தண்ணீருக்குள் போய்விட்டது.

சொன்னவள் எக்ஸ்ரேக்காரம்மா. மாடி அறைக் கட்டிலில் சுவரைப் பார்த்தபடி படுத்துக் கேட்டவர் அவள் கணவர், ஓய்வுபெற்ற சர்வேயர்.

"அளக்காதே," என்றார் அவர், திரும்பாமல்.

அந்த வீட்டில் இரண்டு பேருமே அளப்பவர்கள்தான். அவர் நிலத்தை அளந்தார், அவள் கதையை அளந்தாள். ஆஸ்பத்திரியில் முப்பத்துநாலு வருஷம் எக்ஸ்ரே எடுத்தவள். அவள் சொல்வதை நம்பினால், ஊரில் பாதிப் பேரின் விலா எலும்பு அவளுக்கு மனப்பாடம். கடைத்தெருவில் எதிரே வருகிறவரின் பெயர் மறந்துபோகும், அவர் கணுக்காலில் இருக்கும் விரிசல் மறக்காது. மீதிப் பாதிப் பேர் எங்கேயும் விழவில்லை என்றால் அதற்கு அவள் என்ன செய்வாள்.

அவர் நேர்மாறு. மகள் கல்யாணத்துக்கென்று வீடியோ கேமரா வாங்கிக்கொண்டு போய், மண்டபத்துத் தூண்கள் செங்குத்தாக நிற்கின்றனவா என்று நாற்பது நிமிஷம் படம் எடுத்துக்கொண்டு வந்தவர். மூன்றாவது தூண் சாய்வு. மாப்பிள்ளை அந்தத் தூணுக்குப் பின்னால் இருக்கிறார், தேடினால் தெரிவார்.

அப்படிப்பட்டவர் ஓய்வு பெற்றதும் கொல்லையில் ஒரு ரயில் விட்டார். எஞ்சின் ஒரு முழங்கை நீளம். பின்னால் இரண்டு பெட்டி, கூரையும் சுவரும் இல்லாத ஒரு தட்டுவண்டி. மண்ணில் பாதி புதைத்த பழைய குளியல் தொட்டியில் தண்ணீர் நிறுத்தி, அதன் பக்கத்தில் கிளம்பி, எலுமிச்சை மரம் வரை மேடேறி, மரத்தைச் சுற்றி இறங்கி, அடுப்படித் தண்ணீர் போகும் வாய்க்காலைத் தகரப் பாலத்தில் 'கடகட'வென்று தாண்டித் திரும்பத் தொட்டிக்கு வரும் பாதை. ஏற்றம் நூற்றுக்கு இரண்டு. கொட்டகையில் இருக்கும் மின்பெட்டியின் திருகை நாலாம் எண்ணில் வைத்தால், ஒரு சுற்றுக்கு நாற்பத்தோரு விநாடி. நாற்பதும் இல்லை, நாற்பத்திரண்டும் இல்லை. தோட்டத்து ரயிலுக்கென்று அவர் வைத்திருந்த நீல நோட்டில் அளந்து பார்த்தது மட்டும்தான் ஏறும். 'ஏறக்குறைய' என்ற சொல்லுக்கு அந்த நோட்டில் இடமில்லை.

விழுந்ததும் அந்த ரயிலால்தான். தண்டவாளம் சமமாக இருக்கிறதா என்று பார்க்க ரசமட்டத்தை வைத்து, குமிழியைப் பார்த்தபடியே பின்னால் நகர்ந்தவர், தொட்டி விளிம்பு இடறி மல்லாந்தார். இடுப்பெலும்பு போயிற்று. ஆப்பரேஷன் முடிந்து, ஸ்ட்ரெச்சரில் மாடிக்குத் தூக்கிப் போய்ப் படுக்கவைத்து ஏழு வாரம் ஆகிறது.

"யானைக்கும் அடி சறுக்கும்," என்று அவள் ஆறுதல் சொன்னாள்.

"யானை சர்வேயர் இல்ல," என்றார் அவர். "நாற்பது வருஷம் ஊரை அளந்தவன், என் முதுகுக்குப் பின்னாடி ஒரு அடி தப்பா அளந்துட்டேன். இனி எதை நம்பி கால் வைக்கிறது?"

எலும்பு ஒட்டிவிட்டது. பிசியோ பெண் தினமும் மூன்று மணிக்கு வந்து, "சார், படி இறங்கலாம் சார், எழுதியே தரேன்," என்று கெஞ்சிப் பார்த்தாள். கட்டிலிலிருந்து கழிப்பறை, கழிப்பறையிலிருந்து கட்டில். அதற்கு மேல் ஒரு அடி நகரமாட்டேன் என்றார். போன வாரம் அடுத்த தெருப் பள்ளிக்கூட வாத்தியாருக்குத் தானே போன் செய்து, ஞாயிற்றுக்கிழமை வந்து ரயிலைக் கழற்றிக்கொண்டு போகும்படி சொல்லிவிட்டார். பிள்ளைகள் விளையாடட்டுமாம்.

அன்றைக்குத்தான் எக்ஸ்ரேக்காரம்மாவுக்கு நிஜமான பயம் வந்தது. ரயில் போனால் போகட்டும். அதன் பிறகு இந்த மனுஷனைக் கீழே கூப்பிட அவளிடம் என்ன இருக்கும்? யோசித்துப் பார்த்தாள். அவருக்குச் சாப்பாட்டில் ஆசை கிடையாது, டிவியில் ஆசை கிடையாது. அவரால் தாங்க முடியாதது உலகத்தில் ஒன்றே ஒன்றுதான்: தப்பான தகவல்.

அப்படிப் பிறந்ததுதான் தவளை.

செவ்வாய்க்கிழமை தவளை மனைவியோடு வந்தது. ஜன்னலோரத்துக்காக இருவருக்கும் சின்னத் தகராறு.

"தட்டுவண்டியில ஜன்னல் ஏது?" என்றது சுவர்ப்பக்கமிருந்து குரல்.

"அதனாலதான் தகராறு."

புதன்கிழமை குடும்பத்தோடு புறப்பட்டுவிட்டது. மாமியார்த் தவளைக்கு மூட்டுவலி, ரெண்டு பேர் கைத்தாங்கலாய் ஏற்றிவிட்டார்கள். பிசியோ பெண்ணும் அப்போது அறையில் இருந்தாள். அவர் காலைப் பிடித்து மடக்கிக்கொண்டே குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள்.

"ரீல் விடாதே," என்றார் சர்வேயர்.

"ரயில்தாங்க விடறேன். அத்தனை பேரும் ஏறினதுல ஏத்தத்துல வண்டி முக்கிச்சு பாருங்க, தள்ளிவிடலாமான்னு பாத்தேன்."

பிறகு, ஏழு வாரத்தில் முதல்தடவையாக, சுவரைப் பார்த்திருந்த தலை இந்தப் பக்கம் திரும்பியது.

"அலமாரியில வீடியோ கேமரா இருக்கு. எடுத்துக் காட்டு. அப்போ நம்பறேன்."

"காட்டினா கீழ வருவீங்களா?"

"முதல்ல காட்டு. சிவப்புப் பட்டனை ஒருதடவை அமுக்கினா ஓடும். இன்னொருதடவை அமுக்கினா நிக்கும். அவ்வளவுதான்." தலை மறுபடி சுவருக்குத் திரும்பிவிட்டது.

வியாழக்கிழமை காலை அவள் கையும் களவுமாகத்தான் தோட்டத்துக்குப் போனாள். கையில் கேமரா. களவு, பாத்திரம் தேய்க்கும் பச்சை ஸ்பாஞ்ச். அதைக் கத்தரிக்கோலால் நறுக்கிக் கால் வைத்து, ரெண்டு மிளகைக் கண்ணாகக் குத்தியிருந்தாள். பத்தடி தூரத்திலிருந்து, வெயில் எதிரே அடிக்க, கண்ணைப் பாதி மூடிக்கொண்டு பார்த்தால் தவளைதான். சரியாக உட்கார வேண்டுமே என்று தண்ணீரில் நனைத்துத் தட்டுவண்டியில் வைத்தாள்.

பட்டன் வேலை செய்கிறதா என்று அடுப்படியிலேயே ஒருதடவை அமுக்கிப் பார்த்திருந்தாள். 'பீப்' என்றது. நல்ல பட்டன் என்று திருப்தியாகக் கேமராவைத் தூக்கிக்கொண்டு வந்தவள், முக்காலியில் அதை வைத்து, தண்டவாளத்தைப் பார்த்துத் திருப்பி, கொட்டகை மின்பெட்டியின் திருகை நாலில் வைத்தாள். வண்டி புறப்பட்டது.

"மூச்சை நல்லா இழுங்க," என்றாள் ரயிலைப் பார்த்து. "பிடிங்க. அசையாதீங்க."

பட்டனை அமுக்கினாள். அமுக்கிய கையோடு விடுவிடுவென்று போய்க் கொட்டகையின் குட்டைச் சுவருக்குப் பின்னால் நின்றுகொண்டாள். முப்பத்துநாலு வருஷப் பழக்கம். பட்டனை அமுக்கினால் சுவருக்குப் பின்னால் போகவேண்டும், கதிர் மேலே படக்கூடாது. கேமராவின் சிவப்பு விளக்கு எரிகிறதா என்று பார்க்க அங்கே யார் இருந்தார்கள்? அது அடுப்படியிலிருந்து எரிந்துகொண்டே வந்து, அந்த அமுக்கில் அணைந்துபோயிருந்தது.

சுவருக்கு மேலாகத் தலையை நீட்டிப் பார்த்தபோதுதான் நடந்தது.

வண்டி தொட்டியருகே வளைந்தது. தொட்டி விளிம்பில் ஈரக்கல் போலக் கிடந்த ஒன்று எழும்பியது. தட்டுவண்டியில், நனைந்த ஸ்பாஞ்சின் மேல், 'சப்' என்று உட்கார்ந்தது. தவளை. அசல் தவளை. கன்னம் மட்டும் உப்பி உப்பி அடங்க, வேறெதுவும் அசையாமல், எலுமிச்சை மரத்தை நோக்கி மேடேறிப் போயிற்று.

அவள் வாயைத் திறந்தாள். ஆயுளில் முதல்தடவையாக, கூட்டிச் சொல்ல அவளிடம் ஒன்றும் இல்லை.

ஒரு சுற்று முடிந்தது. தவளை இறங்கவில்லை. போதும், படம் பிடித்தாகிவிட்டது என்று ஓடிவந்து பட்டனை அமுக்கிக் கேமராவை எடுத்து மணிக்கட்டில் மாட்டிக்கொண்டாள். பிறகு தண்டவாளத்தருகே குத்துக்காலிட்டு உட்கார்ந்து, சுற்றிவரும் தவளையோடு பேச ஆரம்பித்தாள். இரண்டு சுற்று பேசினாள். மூன்றாவது சுற்றில் அது தொட்டிக்குள் குதித்தது.

வண்டியை நிறுத்திக் கேமராவைப் பையில் போட்டுக்கொண்டு மாடிக்கு எப்படிப் போனாள் என்று கேட்டால், பறந்துபோனேன் என்பாள். அந்த ஒன்றை மட்டும் நாமும் நம்பலாம்.

"ஏறிடுச்சுங்க. நிஜமா. எழுந்து உக்காருங்க."

மஞ்சள் வயரையும் வெள்ளை வயரையும் டிவியில் செருகி, டேப்பைப் பின்னால் ஓட்டிவிட்டாள். அவர் சாய்ந்து உட்கார்ந்தார்.

திரையில் முதலில் அடுப்படிக் கூரை தெரிந்தது. பிறகு அவள் முழங்கை. தலைகீழாக ஒரு வாளி. குலுங்கியபடி தோட்டத்துப் பாதை. முக்காலி. தண்டவாளம். வண்டி புறப்பட்டது. "அசையாதீங்க" என்றது அவள் குரல். படம் வெட்டுப்பட்டது. அடுத்து வந்தது அவள் செருப்பு.

"தவளை எங்கே?" என்றார் சர்வேயர்.

"வரும், வரும்."

செருப்பு. புல். செருப்பின் மேல் ஒரு எறும்பு. கேமரா அவள் மணிக்கட்டில் தலைகீழாகத் தொங்கிக்கொண்டு, சத்தத்தை மட்டும் ஒழுங்காகப் பதிந்திருந்தது. பாலத்தில் 'கடகட'. பிறகு அவள் குரல், டிவியிலிருந்து, சற்றுக் கரகரப்பாக:

"வாடா ராசா. மூணு நாளா உன் பேர்ல பொய் சொல்லிட்டிருக்கேன், இன்னிக்கு நீயா வந்து ஏறிட்டியே."

எக்ஸ்ரேக்காரம்மா எழுந்து டிவியை அணைக்கப் போனாள். "விடு," என்றார் அவர்.

"பயப்படாம உக்காரு. மேல ஒருத்தர் சுவரையே பாத்துட்டுக் கிடக்கார். எலும்பு ஒட்டிடுச்சு. படத்தை வெளிச்சத்துல தூக்கிப் பிடிச்சு நானே பாத்தேன், தேக்கு மாதிரி இருக்கு. இந்த வண்டியை ஓட்டறது எனக்கென்ன ஆசையா? சத்தம் மேல கேக்கட்டும்னுதான் தினம் ஓட்டறேன். கீழ சண்டை போட ஆளில்லாம வாய் மரத்துப்போச்சு. நீ ஒரே ஒரு உபகாரம் பண்ணு. அந்தப் பதினஞ்சு படி, அவரை இறக்கி விட்டுடு. அப்புறம் உன் இஷ்டம்."

'கடகட.' செருப்பு. மறுபடியும் கொஞ்சம் கழித்து 'கடகட.' பிறகு 'பொளக்' என்று ஒரு சத்தம். கடைசியில் பைக்குள் இருட்டு, திரை நீலமாயிற்று.

அவள் கட்டில் விரிப்பின் சுருக்கத்தை நீவிக்கொண்டிருந்தாள். பொய் பிடிபட்டுவிட்டது. உண்மை படத்தில் இல்லை. இதைவிடக் கேவலமான வியாபாரம் உலகத்தில் உண்டா?

"பின்னாடி ஓட்டு," என்றார் சர்வேயர்.

"வேண்டாங்க."

"ஓட்டு." அவர் கைக்கடிகாரத்தைக் கழற்றிக் கையில் பிடித்திருந்தார். "பாலத்துலேர்ந்து பாலம் வரைக்கும்."

மூன்றுதடவை ஓட்டிப் பார்த்தார்கள். மூன்றுதடவையும் அவர் உதடு அசைய எண்ணினார்.

"நாற்பத்தாறு," என்றார். "காலையிலேயே நினைச்சேன்."

"காலையிலயா?"

"தினமும் எண்ணிட்டுத்தானே கிடக்கேன்," என்றார், யாரோ திட்டியதற்குப் பதில் சொல்வதுபோல. "சுவரைப் பாத்துட்டு வேற என்ன பண்றதாம்? நாற்பத்தொண்ணு, நாற்பத்தொண்ணு, நாற்பத்தொண்ணு. இன்னிக்கு நாற்பத்தாறு. பாலத்துக்கிட்ட மண் இறங்கியிருக்கும். தண்டவாளம் சாஞ்சிருக்கும்."

"தவளைங்க."

"மண்ணு."

"அப்ப நான் போய் ரசமட்டம் வச்சுப் பாத்துட்டு வரேன்."

"நீ பாத்தா குமிழி எங்க இருந்தாலும் நடுவுல இருக்குன்னு அளப்பே." அவர் காலைக் கட்டிலிலிருந்து கீழே தொங்கவிட்டார். தரையைப் பார்த்தார். "அந்தக் கைத்தடியை எடு."

படி பதினைந்து. அவர் ஒரு கையால் கைப்பிடியையும் மறு கையால் தடியையும் பிடித்துக்கொண்டார். அவள் ஒரு படி கீழே, அவரைப் பார்த்தபடி, பின்புறமாக இறங்கினாள்.

"மூச்சை இழுங்க. பிடிங்க. காலை வைங்க. விடுங்க."

"எனக்கென்ன எக்ஸ்ரேயா எடுக்கறே?"

"பேசாதீங்க, படம் ஆடிடும்."

எட்டாவது படியில் நின்றுவிட்டார். அடுத்த படியைப் பார்த்துக்கொண்டே இருந்தார். அது ஏழு அங்குலம் என்று அவருக்குத் தெரியும், கட்டும்போது அளந்தவரே அவர்தான். தெரிந்து என்ன?

"ஒட்டியிருக்குமா?" என்றார், மிகவும் சின்னக் குரலில்.

அவள் சிரிக்கவில்லை. "நான் எதெதுலயோ அளந்திருக்கேன். எலும்பு விஷயத்துல என்னிக்காவது அளந்திருக்கேனா?"

அவர் யோசித்தார். சேர்ந்து வாழ்ந்த முப்பத்தெட்டு வருஷத்தையும் ஒழுங்காக யோசித்தார்.

"இல்லை," என்றார். காலை வைத்தார்.

தோட்டத்தில் அவரை முக்காலியில் உட்காரவைத்து மூச்சு வாங்கவிட்டாள். வெயில் பட்டு அவர் கண் கூசியது. பிறகு வேலை ஆரம்பமாயிற்று. பாலத்துக்கு இந்தப் பக்கம், அந்தப் பக்கம், ஏற்றம், வளைவு, நாலு இடத்திலும் ரசமட்டத்தை அவள் வைக்க, அவர் குனிந்து பார்த்தார். நாலு இடத்திலும் குமிழி நீல நோட்டில் எழுதியிருந்த அதே கோட்டில் நின்றது. மண் ஒரு நூல்கூட இறங்கவில்லை.

"வெறும் வண்டியை ஓட்டு."

"வெறும் வண்டியா," என்றாள் அவள், தட்டுவண்டிக்கும் அவருக்கும் நடுவில் வந்து நின்று.

"தள்ளு. அது என்ன பச்சையா?"

"அதுவா. அது வந்து, தவளை."

அவர் ஸ்பாஞ்சைக் கையில் வாங்கினார். கால்களைப் பார்த்தார். மிளகுக் கண்களைப் பார்த்தார். ஒரு மிளகு விழுந்து ஒற்றைக் கண்ணாகியிருந்தது. அவர் தோள் குலுங்கியது. அழுகிறாரோ என்று அவள் பயந்துபோய்க் குனிந்தாள். ஏழு வாரத்துச் சிரிப்பு, தொண்டையில் எங்கோ துருப்பிடித்துக் கிடந்தது, தட்டுத்தடுமாறி வெளியே வந்துகொண்டிருந்தது.

"நாலு காலும் நாலு அளவு," என்றார் கண்ணைத் துடைத்துக்கொண்டு. "சரி. ஓட்டு."

வெறும் வண்டி: நாற்பத்தொன்று. ஸ்பாஞ்சைக் காலையில் போலவே நனைத்து வைத்து ஓட்டினார்கள்: நாற்பத்துமூன்று.

"பாத்தியா," என்றார். "உன் தவளை ரெண்டு விநாடிதான்."

"டேப்புல நாற்பத்தாறு. மிச்சம் மூணு விநாடி யாராம்?"

சர்வேயர் எலுமிச்சை மரத்தைக் காட்டினார். அவள் ஒரு பழம் பறித்து ஸ்பாஞ்சின் மேல் வைத்தாள்: நாற்பத்தைந்து. கூட ஒரு சின்னக் காய் வைத்தாள். வண்டி மேட்டில் லேசாகத் திணறி ஏறிச் சுற்றிவந்து 'கடகட'வென்று பாலம் தாண்டியது.

நாற்பத்தாறு.

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளாமல் தொட்டியைப் பார்த்தார்கள். விளிம்பில் அது உட்கார்ந்திருந்தது. கன்னம் உப்பி அடங்கியது.

"ஒரு பழம், ஒரு காய் இருக்கும்," என்றாள் அவள் மெதுவாக.

அவர் ஒரு கண்ணை மூடி, கட்டைவிரலை நீட்டித் தவளையின் மேல் குறி வைத்தார். நாற்பது வருஷம் வயல் வரப்பையும் வீட்டு மனையையும் அப்படித்தான் பார்த்தார். "பழம் சரி," என்றார். "காய் முக்கால்தான். டேப்புல இன்னும் ரெண்டுதடவை எண்ணிப் பாக்கணும்."

பிறகு, "வாத்தியார் நம்பர் உன் போன்ல இருக்கா? ஞாயிற்றுக்கிழமை வரவேண்டாம்னு சொல்லணும். வேணும்னா பிள்ளைகளை இங்க கூட்டிட்டு வரட்டும். தொட்டிப் பக்கம் மட்டும் யாரும் பின்னால நகரக்கூடாது."

மூன்று மணிக்குப் பிசியோ பெண் வந்தாள். மாடி அறையில் கட்டில் காலியாகக் கிடந்ததைப் பார்த்து வெலவெலத்துப்போய், படியில் தடதடவென்று இறங்கித் தோட்டத்துக்கு ஓடிவந்தாள். அங்கே சர்வேயர் முக்காலியில் உட்கார்ந்து, மடியில் நீல நோட்டை விரித்து எழுதிக்கொண்டிருந்தார். எக்ஸ்ரேக்காரம்மா ஒற்றைக்கண் ஸ்பாஞ்சைப் பிழிந்து கொடியில் காயப்போட்டுக்கொண்டிருந்தாள்.

"சார், எப்படி சார் இறங்கினீங்க? யார் இறக்கினது?"

"பயணி ஒருத்தர்," என்றாள் எக்ஸ்ரேக்காரம்மா.

"அம்மா, நீங்க சும்மா இருங்க." பிசியோ பெண் அவர் பக்கம் குனிந்தாள். "அந்தத் தவளைக் கதைக்காகவா சார் இறங்கினீங்க? அது அம்மா விட்ட பொய்தானே?"

சர்வேயர் பேனாவை மூடினார். எழுதியதை ஒருதடவை சரிபார்த்தார். மனைவியை நிமிர்ந்து பார்த்தார். அவள் ஸ்பாஞ்சைக் கையில் பிடித்தபடி, மூச்சைப் பிடித்துக்கொண்டு, அசையாமல் நின்றாள்.

"திங்கள் பொய்," என்றார். "செவ்வாய் பொய். புதன் சுத்தப் பொய்."

நோட்டைத் திருப்பிப் பிசியோ பெண்ணிடம் நீட்டினார்.

"வியாழக்கிழமை ஏறிச்சு."